தேமல்தானே என்று விட்டுவிடலாமா?

செம்பரம்பாக்கம், பூந்தமல்லி பக்கம் யாருக்காவது முதுகில் வெளிறிய படை தெரிந்தால், அவர் முதலில் போவது மெடிக்கல் ஷாப்புக்குத்தான். "தேமல்தான், இந்த ஆயின்ட்மென்ட் போடுங்க, போயிடும்." பெரும்பாலும் அது தேமலேதான். சில நேரம் அது தொழுநோயின் முதல் அடையாளமாக இருந்துவிடுகிறது. சிக்கல் அங்கேதான்.

தேமல் பூஞ்சையால் வருவது; லேசாகச் சுரண்டினால் மாவுபோல் செதில் உதிரும். தொழுநோய்ப் படையில் உணர்ச்சி குறைந்திருக்கும். அந்த இடம் சரியாக வியர்க்காது, முடியும் உதிர்ந்திருக்கலாம். இதைக் கண்ணால் பார்த்து மட்டும் சொல்லிவிட முடியாது. நோயாளியைக் கண்ணை மூடச் சொல்லி, பால்பாயின்ட் பேனா முனையால் மெல்லத் தொட்டு, "எங்க தொட்டேன், விரல வச்சுக் காட்டுங்க" என்று கேட்க வேண்டும். முழங்கைக்குப் பின்னால் ஓடும் நரம்பு தடித்திருக்கிறதா என்றும் தடவிப் பார்க்க வேண்டும். ஐந்து நிமிட வேலை.

"தொழுநோயா? அதுதான் ஒழிஞ்சு போச்சே!" என்பார்கள். ஒழியவில்லை. 2005 இறுதியில் இந்தியா எட்டியது, 10,000 பேருக்கு ஒரு நோயாளிக்கும் குறைவு என்ற தேசிய அளவைத்தான். இன்றும் ஆண்டுக்குச் சுமார் 1 லட்சம் பேரிடம் புதிதாகக் கண்டுபிடிக்கப்படுகிறது. இதற்கான மத்திய அரசின் பயிற்சி, ஆராய்ச்சி நிலையமே அருகில் செங்கல்பட்டு திருமணியில் இருக்கிறது.

கூட்டு மருந்து சிகிச்சை முற்றிலும் இலவசம். படைகள் ஐந்துக்குள் இருந்தால் பொதுவாக 6 மாதம், அதற்கு மேல் 12 மாதம். மருந்து தொடங்கியதும் பிறருக்குத் தொற்றுவது வெகு சீக்கிரம் நின்றுவிடும். ஆனால், தாமதத்தில் செத்துப்போன நரம்பை எந்த மாத்திரையும் முழுசாகத் திருப்பித் தராது. சூடான பாத்திரத்தைப் பிடித்தும் சுடாத கை, மெல்ல மடங்கிப்போகும் விரல்கள் எல்லாம் அதன் பிறகு வருபவை.

நோயாளியை உட்காரவைத்துச் சீட்டு எழுதி அனுப்பும் அவசரத்தில் விடுபடுவது தோல்தான். அதுவும் பெண்கள் முதுகைக் காட்டக் கூச்சப்படுவார்கள்; அதில் தப்பில்லை. (மருதாணி போட்ட நகத்தில் ரத்தசோகையின் வெளிறல் தெரியாது என்பதும் இதே கதைதான், கீழ் இமையை இழுத்துப் பார்த்தாக வேண்டும்.) கிளினிக்கில் பகல் வெளிச்சம் விழும் ஜன்னல், ஒரு திரை, துணைக்கு ஒரு நர்ஸ் இருந்தால், "இந்தப் படை எத்தனை நாளா இருக்கு? மரத்த மாதிரி இருக்கா?" என்ற கேள்விக்கு உண்மையான பதில் வரும்.