பட்டிக்கு ஏற்ற நாய் எது?

ஆடு வளர்க்கும் சிறு விவசாயிகளுக்கு, மந்தையை ஓட்டச் சீமை நாய்க்குட்டி வாங்கலாமா என்ற எண்ணம் எழுவது இயல்பே. அப்போது முதலில் நினைவுக்கு வருவது ‘பார்டர் கோலி’ இனம். அறிவில் அதற்குக் குறைவில்லை. ஆனால், நாய் பழக்கி அனுபவமில்லாதவர் அதை வாங்குவது வீண் செலவு, தொல்லையும்கூட.

இந்த இனம் இங்கிலாந்துக்கும் ஸ்காட்லாந்துக்கும் இடைப்பட்ட எல்லைப்புறக் குன்றுகளில் உருவானது. இன்றைய பார்டர் கோலிகளில் பெரும்பாலானவை, 1893-ல் பிறந்த ‘ஓல்டு ஹெம்ப்’ என்ற நாயின் வழிவந்தவை. மலைச்சரிவில் செம்மறிகள் சிதறி மேயும். மேய்ப்பவர் கீழே நின்று சீழ்க்கை அடிப்பார். நாய் வெகுதூரம் வளைந்து ஓடி, பதுங்கி, முறைத்துப் பார்த்தே ஆடுகளைத் திரட்டி வரும். ஓடி உழைப்பதற்கென்றே தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்த நாய் அது.

பத்து, இருபது வெள்ளாடு வைத்திருப்பவரிடம் அந்த வேலை ஏது? அவரே மந்தையுடன் நடக்கிறார். அவர் குரலுக்கு ஆடுகள் திரும்புகின்றன. வேலையில்லாத கோலி தானே வேலை தேடிக்கொள்ளும். கோழியைத் துரத்தும்; சைக்கிளையும் ஓடும் குழந்தையையும் மடக்கிக் குதிகாலைக் கவ்வும். சினை ஆட்டை விரட்டினால் கரு கலையவும் கூடும். சங்கிலியில் கட்டிப்போட்டாலோ ஓயாமல் குரைத்துக் குணம் கெடும். அடர்ந்த மயிர் கோடை வெயிலுக்கு ஒவ்வாது.

மற்றோர் ஆபத்தும் உண்டு. கோலி வகை நாய்கள் சிலவற்றுக்கு ‘ஐவர்மெக்டின்’ மருந்தைத் தாங்காத பரம்பரைக் குறை இருக்கிறது. ஆட்டுக்கு வாங்கிய மருந்தில் மீதியை, கால்நடை மருத்துவரைக் கேளாமல் நாய்க்குக் கொடுத்தால் உயிரே போகலாம்.

சிறு பட்டிக்கு வேண்டியது ஓட்டும் நாயன்று, காவல் நாய். இரவில் நரியோ திருடனோ வந்தால் குரைத்து எழுப்ப, குட்டியிலிருந்தே ஆடுகளோடு வளர்ந்த நாட்டு நாய் போதும். சிப்பிப்பாறையும் கன்னியும் நாட்டு இனங்களே என்றாலும் வேட்டைக்கு வளர்த்தவை. அவற்றுக்கும் ஓட்டமும் பழக்கமும் தேவை. எந்த நாயானாலும் மூன்று மாதத்தில் வெறிநோய்த் தடுப்பூசி போட்டு, பின்னர் மருத்துவர் சொல்லும் கெடுவில் தொடர வேண்டும்.

பெரிய மந்தையும், மாதக்கணக்கில் பழக்கும் பொறுமையும், கற்றுத்தர ஆளும் உள்ளவர் கோலியை வாங்கிப் பார்க்கலாம். மற்றவர்கள் குட்டியின் அழகைப் பார்க்குமுன், அதற்குக் கொடுக்கத் தங்களிடம் என்ன வேலை இருக்கிறது என்று பார்ப்பதே விவேகம்.