பழுதுப் பட்டியலில் தமிழ் எங்கே?

பாசிர் கூடாங் தொழிற்பேட்டையில் உழைத்தவர்களுக்குப் பராமரிப்பு என்னும் சொல்லுக்குப் பொருள் கூற வேண்டியதில்லை. 1977-இல் ஜொகூர் துறைமுகம் இயங்கத் தொடங்கிய காலந்தொட்டு இங்கே எழும்பிய ஆலைகளுள், பழுதே காணாமல் ஓடியது ஒன்றேனும் உண்டோ? குறித்த காலத்தில் ஆலையை நிறுத்துவார்கள், குழாய்களைப் பிரிப்பார்கள், தேய்ந்த வால்வை மாற்றுவார்கள், மறுபடி ஓட்டுவார்கள். அவ்வேளையில் மேற்பார்வையாளர் முதலாவதாகக் கேட்பது குறைப்பதிவேட்டைத்தான். பதிவேட்டில் ஏறாத கசிவைத் தேடிக்கொண்டு எவரும் ஏணியில் ஏறுவதில்லை. முப்பது ஆண்டுகள் அந்தப் பதிவேட்டில் எழுதிக் கை காய்த்தவன் என்ற உரிமையோடுதான் இக்கட்டுரையை எழுதத் துணிந்தேன்.

கணினி நிரல்மொழிகளும் ஆலைகளைப் போன்றவையே. அவற்றையும் ஒரு குழுவினர் இடைவிடாது பழுது பார்த்து வருகின்றனர். இன்று பள்ளி மாணவர் முதல் ஆராய்ச்சியாளர் வரை பயிலும் பைத்தான் மொழியை எடுத்துக்கொள்வோம். அதன் பதிப்பெண்ணில் மூன்று பகுதிகள் உண்டு. நடுவிலுள்ள எண் ஆண்டுக்கொரு முறை, பெரும்பாலும் அக்டோபரில், உயரும். அப்போது புதிய வசதிகள் சேரும். கடைசி எண் இடையிடையே உயரும்; அதுதான் பராமரிப்புப் பதிப்பு. அதில் புதுமை எதுவும் இராது. இன்ன இடத்தில் இன்ன பிழை இருந்தது, இன்ன முறையீட்டெண்ணின்கீழ்த் திருத்தப்பட்டது என்று வரிவரியாக ஒரு மாற்றப் பட்டியல் மட்டும் உடன் வரும். எவரும் படிக்கலாம். எவரும் முறையீடு செய்யலாம்; கட்டணமில்லை, சிபாரிசுக் கடிதமும் வேண்டா.

நம்மவருள் எத்தனை பேர் அதைப் படித்திருக்கின்றோம்? 'அஃது எழுத்தாளனுக்கு எதற்கு?' என்று முகஞ்சுளிக்கும் அன்பர்களுக்கு ஒரு நிகழ்ச்சியைக் கூறுகின்றேன்.

சில ஆண்டுகளுக்கு முன்பு எங்கள் வட்டாரத்தில் மாணவர் கட்டுரைப் போட்டி ஒன்று நடந்தது. நடத்தியவர்கள் யார் என்பது இங்கே முக்கியமன்று. முந்நூறு சொற்களுக்கு மிகலாகாது என்பது விதி. கட்டுரைகளை ஒரு நிரல்வழியே செலுத்தி, அளவு மீறியவற்றைக் கழித்த பின்னரே நடுவர் கைக்கு அனுப்பினர். எனக்குத் தெரிந்த ஒரு தமிழ்ப்பள்ளி மாணவியின் கட்டுரை கழிக்கப்பட்டது. காரணம் கேட்டபோது, 871 சொற்கள் இருக்கின்றனவாம்! அந்தப் பெண் என் வீட்டு வாசலில் அழுதுகொண்டு நின்றாள். இருவரும் திண்ணையில் அமர்ந்து ஒவ்வொரு சொல்லாகப் பென்சிலால் புள்ளி வைத்து எண்ணினோம். 287. மறுபடியும் எண்ணினோம். 287-தான். ஏற்பாட்டாளரிடம் சென்றேன். அவர் சொன்ன மறுமொழி இன்னும் என் செவியில் நிற்கின்றது: "ஐயா, நீங்கள் தவறலாம், கணினி தவறாது."

கணினி எங்கே தவறியது என்பதைப் பார்ப்போம். பைத்தானில் சொற்களைப் பிரித்தெடுக்கப் பின்சாய்கோடும் ஆங்கில 'டபிள்யூ' எழுத்தும் சேர்ந்த ஒரு குறியைப் பயன்படுத்துவார்கள். 'சொல்லில் வரத்தக்க எழுத்து' என்பது அதன் பொருள். யூனிகோடு குறியேற்றத்தில் தமிழ்ச் சொல் எவ்வாறு அமைகின்றது? 1991-இல் வெளிவந்த யூனிகோடு, இந்தியாவின் 1988-ஆம் ஆண்டு இஸ்கி குறியேற்ற அமைப்பைப் பின்பற்றியது. அதன்படி அகரமேறிய மெய்க்கு ஓர் இடம். கால், கொம்பு, விசிறி, புள்ளி ஆகியவற்றுக்குத் தனித்தனி இடங்கள். 'தமிழ்' என்ற மூன்றெழுத்துச் சொல் அங்கே த, ம, இகர விசிறி, ழ, புள்ளி என ஐந்து குறியாகின்றது. பைத்தான் இவ்வைந்தில் த, ம, ழ ஆகிய மூன்றை மட்டுமே சொல்லெழுத்தென்று கொள்கின்றது. விசிறியும் புள்ளியும் அதற்கு எழுத்தல்ல; காற்புள்ளி, அரைப்புள்ளி போல ஏதோ ஓர் இடைவெட்டு. ஆகவே 'தமிழ்' என்பதை அது 'தம' என்றும் 'ழ' என்றும் இரு சொல்லாக அறுத்துப் போடுகின்றது. 'எழுத்தாளர்' நான்கு துண்டாகின்றார்: 'எழ', 'த', 'த', 'ளர'. 287 சொற்கள் 871 ஆன மாயம் இதுவே.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. ஒரு சொல்லைக் கொடுத்து 'இது முற்றும் எழுத்துகளால் ஆனதா?' என்று அந்த மொழியைக் கேட்கலாம். 'பட' என்று கேட்டால் ஆம் என்கின்றது. 'படம்' என்று கேட்டால் இல்லை என்கின்றது. மெய் புள்ளி பெறும் என்று தொல்காப்பியம் விதித்து எத்தனை நூற்றாண்டாயிற்று! புள்ளி பெற்றவுடன் சொல் எழுத்துத் தகுதியை இழக்கின்றது என்பது இக்காலத்துப் புது இலக்கணம்! பெயர்ப் படிவங்களை இச்சோதனையால் வடிகட்டும் நிரல் ஒன்றிடம் முருகனும் வரமுடியாது, வள்ளியும் வரமுடியாது.

இதனினும் வியப்பு யாதெனில், இதே பைத்தான் தன் நிரலுக்குள் மாறிகளுக்குத் தமிழில் பெயரிட இசைகின்றது. 2008 திசம்பரில் வெளியான மூன்றாம் பெரும்பதிப்பு முதல் 'தமிழ்' என்று ஒரு மாறிக்குப் பெயர் சூட்டினால் முழுச் சொல்லாகவே ஏற்றுக்கொள்ளும். அங்கே விசிறியும் புள்ளியும் பெயரின் உறுப்புகள். ஒரே வீட்டில் ஓர் அறையில் உறவினன், அடுத்த அறையில் அயலான். இதைப் பிழை என்னாமல் வேறென்னென்பது?

பிழை எவருக்கும் தெரியாததன்று. இந்திய எழுத்துகளுக்கு இக்குறி உதவவில்லை என்று 2007-இலேயே முறையீடு சென்றது. 2011-இல் பெர்ள் மொழி அறிஞர் டாம் கிறிஸ்டியன்சன், யூனிகோடு கழகத்தின் 18-ஆம் தொழில்நுட்பத் தரத்தைச் சுட்டிக்காட்டி, பைத்தானின் சொல்லெழுத்து இலக்கணம் காலாவதியானது என்று விரிவாகவே எழுதினார். கவனிக்க வேண்டும்: அவர் தமிழரல்லர். நம் புள்ளிக்காகவும் சேர்த்து வாதாடியவர் ஒரு வெளியார். அதன்பின் எத்தனையோ பதிப்புகள் வந்துவிட்டன. 2024 அக்டோபரில் வெளிவந்த 3.13-இலும் 'தமிழ்' இரு துண்டாகத்தான் விழுகின்றது.

எதிர்த்தரப்பின் வாதத்தையும் கேட்போம். கேளாமல் தீர்ப்புச் சொல்வது நமக்கு அழகன்று. பராமரிப்புப் பதிப்பு என்பது ஓடிக்கொண்டிருக்கும் நிரல்களைக் குலைக்காமல் பழுது நீக்குவது. இக்குறியின் பொருளை மாற்றினால், பழைய பொருளை நம்பி எழுதப்பட்ட நிரல்கள் வேறு விடை தரும். ஆகவே கடைசி எண் உயரும் பதிப்பில் இதைத் தொடக்கூடாது என்கின்றனர். நியாயந்தான், ஆலை ஓடும்போது பிரதான குழாயை அறுக்கச் சொல்ல மாட்டேன். ஆனால் ஆண்டுக்கொரு முறை நடு எண் உயர்கின்றதே, அப்போது என்ன தடை? 2008-இல் எழுத்துக்கோவையின் இயல்பையே மாற்றி, இரண்டாம் பதிப்புக்கென எழுதப்பட்ட நிரல்களைத் திருத்தியெழுத வைத்தவர்களும் இவர்கள்தாமே? அந்தப் பழைய பதிப்புக்கு 2020 சனவரி முதல் நாளோடு ஆதரவையும் நிறுத்தினர். அப்பெரும் மாற்றத்தில் பட்ட பாடு அவர்களை அச்சமுறச் செய்திருக்கின்றது என்பதை உணர்கின்றேன். அதற்கும் வழி இருக்கின்றது. ஜாவா மொழி 2011-இல் தன் ஏழாம் பதிப்பில், பழைய பொருளை அப்படியே வைத்து, யூனிகோடு இலக்கணம் வேண்டுவோர்க்கென ஒரு தனிவிசையைச் சேர்த்தது. வேண்டியவர் திருப்பிக்கொள்ளலாம், வேண்டாதவர்க்கு இடையூறில்லை. பெர்ளில் இச்சிக்கலே எழுவதில்லை. ஆப்பிள் நிறுவனம் உருவாக்கிய ஸ்விஃப்ட், 'தமிழ்' என்பதற்கு எத்தனை எழுத்து என்று கேட்டால், நம் பாட்டி சொல்வதைப் போல மூன்று என்றே சொல்கின்றது. முடியாதது ஒன்றுமில்லை, முனைவார்தாம் இல்லை.

முனைய வேண்டியவர் யார் என்பதில்தான் நம்மவரோடு எனக்கு வழக்கு.

நாம் மாநாடு கூட்டாதவர்களா? 1999-இல் சென்னையில் கூடி விசைப்பலகைக்குத் தரம் கண்டோம். 2000-இல் உத்தமம் கண்டோம். 2001-இல் தமிழ் இணைய மாநாட்டைக் கோலாலம்பூரிலேயே நடத்தினோம். முத்து நெடுமாறன் இந்நாட்டிலிருந்து முரசு அஞ்சலையும் செல்லினத்தையும் உலகுக்குத் தந்தார். இவற்றையெல்லாம் நன்றியோடு நினைக்கின்றேன். ஆயினும் தமிழ்க் கணிமையின் பெயரால் மேடையேறும் பேச்சாளர் பலரிடம் ஒரு பழக்கத்தைக் காண்கின்றேன். 'தமிழ் கணினிக்கு ஏற்ற மொழி' என்று முழங்கிக் கைதட்டல் பெறுவார், மாலையோடு இறங்குவார். அவர் வீட்டுக் கணினியில் தமிழ்ச் சொல் துண்டாவதை அவர் அறியார், அறிந்தாலும் எழுதியனுப்பார்.

வேறு சிலர், குறியேற்றத்தையே மாற்றி ஒவ்வோர் உயிர்மெய்க்கும் தனியிடம் தந்தாலன்றி விடிவில்லை என்பர். தமிழ்நாட்டரசு 2010-இல் யூனிகோட்டோடு அத்தகைய 'டேஸ் 16' குறியேற்றத்தையும் ஏற்று ஆணை பிறப்பித்தது. அதன் சிறப்பை நான் மறுக்கவில்லை. ஆனால் உலகெங்கும் ஓடும் கணினிகள் யூனிகோட்டில் ஓடுகின்றன. அங்கு ஒருமுறை இட்ட இடத்தை மாற்றுவதில்லை என்பது அக்கழகத்தின் உறுதிமொழி. வீடு மாற்றும் கனவில், ஒழுகும் கூரையை அடைக்காமல் எத்தனை மழைக்காலம் இருப்பது?

இன்னும் சிலர், நமக்கென்று தமிழ் நிரல்மொழி இருக்கின்றதே என்பர். முத்து அண்ணாமலை 2007 முதல் உழைத்து உருவாக்கிய 'எழில்' போற்றத்தக்கது. 'பதிப்பி', 'பின்கொடு' என்று தமிழ் ஆணைகளால் சிறுவர் நிரல் எழுதலாம். ஆனால் அதுவும் பைத்தான் மேல் எழுந்த மாடமே. அவரே முன்னின்று உருவாக்கிய 'ஓப்பன் தமிழ்' தொகுப்பில் சொல்லை முறையாக எழுத்தெழுத்தாகப் பிரிக்கும் செயற்கூறு இருக்கின்றது. அடிமொழி செய்யத் தவறியதை மேலே ஒருவர் ஒட்டுப்போட்டுத் தர வேண்டியிருக்கின்றது. போட்டி நடத்தியவர்கள் அந்த ஒட்டை அறிந்திருந்தால் ஒரு பெண்ணின் கட்டுரை தப்பியிருக்கும். அறியாதவர்க்கு அடிமொழி கொடுப்பதுதான் கதி.

பழையதைக் குலைக்காமல் பிழை திருத்துவது நமக்குப் புதிதா என்ன? 1978 அக்டோபரில் தமிழ்நாட்டரசு ஆணையிட்ட எழுத்துச் சீர்திருத்தத்தை எண்ணிப் பாருங்கள். பெரியார் 1935-லேயே 'குடி அரசு' இதழில் கையாண்ட முறை அது. புதிய ஒலி சேர்க்கப்படவில்லை. பழையது எதுவும் நீக்கப்படவில்லை. ணா, றா, னா முதலாகப் பதின்மூன்று உயிர்மெய்கள் மட்டும் ஒழுங்கற்ற வடிவை விட்டுப் பிறவற்றின் ஒழுங்குக்கு வந்தன. அன்று எதிர்ப்பு எழாமலில்லை. ஆயினும் கொம்பு வளைந்த பழைய னையில் அச்சான நூலை இன்றும் என் பேரன் தட்டுத் தடுமாறியாவது படித்து விடுகின்றான். தமிழ் எழுத்துக்கு நாமே வெளியிட்ட பராமரிப்புப் பதிப்பு அது! அதைச் செய்த இனம் பிறர் மொழியின் பதிப்புக் குறிப்பைக் கண்டு ஒதுங்கி நிற்பானேன்?

சொல் பிரிப்பு ஒன்றுதான் குறையென்று எண்ணிவிடற்க. அகரவரிசைப்படுத்தச் சொன்னால், பெரும்பாலான நிரல்மொழிகள் குறியெண் வரிசையிலேயே அடுக்குகின்றன. அங்கே ளகரமும் ழகரமும் வகரத்துக்கு முன்னே நிற்கின்றன. னகரம் நகரத்தை ஒட்டிக்கொள்கின்றது. வகுப்புப் பெயர்ப்பட்டியலில் நவீனுக்கு முன் நளினி வந்துவிடுவாள். ஆசிரியர்கள் இதைக் கையால் திருத்திக்கொண்டு பேசாமலிருக்கின்றனர். ஒகர உயிர்மெய்யை ஒரே குறியாகவும் இடலாம், கொம்பு வேறு கால் வேறாகவும் இடலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்று, நேராக ஒப்பிடும் நிரலுக்கு இரண்டும் வேறு. தேடினால் கிடைக்காது. இதுவும் ஓசையில்லாக் கசிவு. 2019 மார்ச்சில் கிம் கிம் ஆற்றில் எவரோ கொட்டிய இரசாயனக் கழிவால் இவ்வூரில் 111 பள்ளிகள் மூடப்பட்டதைக் கண்டவர்கள் நாங்கள். கசிவு சிறிது என்று எவரும் எங்களிடம் சொல்லிவிட முடியாது.

என் வேண்டுகோள் சங்கத்தின் முன் இதுதான். கவிதைக்குக் குழு இருக்கின்றது, சிறுகதைக்குக் குழு இருக்கின்றது. இளைஞர் மூவர், தமிழாசிரியர் ஒருவர் கொண்ட சிறு குழுவொன்று, பெருவழக்கிலுள்ள நிரல்மொழிகளின் மாற்றப் பட்டியல் வெளிவரும்போதெல்லாம் அதைப் படிக்கட்டும். புதிய பதிப்பின் வெள்ளோட்டத்திலேயே தமிழ்ச் சொற்களைக் கொடுத்துச் சோதிக்கட்டும். பிழை கண்டால், கோபச் சொல் ஒன்றுமின்றி, கொடுத்த சொல் இது, வந்த விடை இது, வர வேண்டிய விடை இது என்று மூன்று வரியில் எழுதட்டும். 2022 முதல் பைத்தான் முறையீடுகள் கிட்ஹப் தளத்தில் பதிவாகின்றன. ஏற்கெனவே உள்ள முறையீட்டின் கீழ்த் தமிழ்ச் சான்றுகளைச் சேர்ப்பதற்கு அரை மணி நேரம் போதும்.

நான் தொடங்கிவிட்டேன். அந்த மாணவி இப்போது இடைநிலைப்பள்ளியில் பயில்கின்றாள், கணினியும் கற்கின்றாள். சனிக்கிழமை மாலைகளில் வந்து, ஒன்றாம் வகுப்புத் தமிழ்ப் பாடநூலின் சொற்களை ஒவ்வொன்றாகப் பைத்தானுக்குக் கொடுத்து, வந்த துண்டுகளை ஒரு பதிவேட்டில் எழுதி வருகின்றாள். 'அம்மா' என்பதில் தொடங்கினோம். 'அம', 'ம' என்று வந்தது. அதுதான் எங்கள் முதற் பதிவு.