கெஜட் இல்லாத அரசாங்கம்

புதுச்சேரியில் போக்குவரத்துத் துறையில் நான் கிளார்க்காக இருந்த காலத்தில், கார் டீலர்கள் என் மேசைக்கு முன்னால் நின்று அரசாங்கத்தைத் திட்டாத நாள் குறைவு. வரி ஏறிவிட்டது, படிவம் மாறிவிட்டது, நேற்றுவரை இரண்டு நகல் போதும் என்றீர்கள், இன்று மூன்று கேட்கிறீர்கள் என்பார்கள். நான் ஒரே பதில்தான் சொல்வேன். "கெஜட்ல வந்திருக்கு ஐயா, பாருங்க." அதைக் கேட்டுப் பாதிப் பேருக்குக் கோபம் இன்னும் ஏறும். ஆனால் அதற்கு மேல் பேச்சு வளராது.

1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தில் 212-ஆம் பிரிவு என்று ஒன்று உண்டு. இந்தச் சட்டத்தின் கீழ் அரசாங்கம் விதி செய்ய வேண்டுமானால், முதலில் வரைவை வெளியிட வேண்டும். மக்கள் ஆட்சேபணை சொல்ல அவகாசம் தர வேண்டும். வழக்கமாக முப்பது நாள். வந்த ஆட்சேபணைகளைப் பரிசீலித்த பிறகே இறுதி விதி. பரிசீலனை எந்த லட்சணத்தில் நடக்கும் என்பது எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும். ஆனாலும் வரைவு கண்முன் கிடக்கும், தேதி இருக்கும், கையெழுத்து இருக்கும், பிடிக்காவிட்டால் கோர்ட்டுக்குப் போகலாம்.

இதைவிடச் சுருக்கமாக எங்கள் பிரெஞ்சுப் பள்ளி ஆசிரியர் சொல்லிக் கொடுத்திருக்கிறார். "நுல் நே சான்சே இஞ்ஞோரே லா லுவா." சட்டம் தெரியாது என்று யாரும் சொல்லித் தப்பிக்க முடியாது. இதை வகுப்பே ஒன்றாகக் கத்திச் சொன்ன பிறகு அவர் ஒரு கேள்வி கேட்பார். "அப்படியானால் சட்டம் போடுகிறவனுக்கு என்ன கடமை?" யாராவது ஒருவன் எழுந்து, "ஊரறியச் சொல்ல வேண்டும், மிசியே" என்று சொல்லும்வரை விடமாட்டார்.

அறுபது வருடத்துக்கு முந்தைய இந்தப் பாடம் 2025 கோடையில் நியூ ஜெர்சியில் எனக்கு ஞாபகம் வந்தது. மகள் வீட்டில் ஆறு மாதம் தங்கியிருந்தேன். மாப்பிள்ளை அங்கே ஒரு பழைய கார் விற்பனை நிலையத்தில் இணைய விற்பனையைப் பார்த்துக்கொள்கிறார். பொழுது போகாத கிழவன் என்று சில நாள் என்னையும் அழைத்துப் போனார். பரந்த வெளியில் வரிசையாகக் கார்கள். ஒவ்வொன்றின் கண்ணாடியிலும் விலைச்சீட்டு. வாங்க வருகிறவர் யாரும் காணோம்.

"ஜனங்க எங்கே மாப்பிள்ளை?" என்றேன்.

"ஜனங்க எல்லாம் இதுக்குள்ளதான் மாமா இருக்காங்க" என்று தன் போனைத் தூக்கிக் காட்டினார். "கார் வாங்கணும்னா முதல்ல இதுல தேடுவாங்க. இதுல நாங்க தெரிஞ்சாதான் இங்க வண்டியை நிறுத்துவாங்க. தெரியலைன்னா இந்த நூறு காரும் இருந்தும் இல்லாத மாதிரிதான்."

அதுவரை நான் கூகுளை அகராதி மாதிரி, பஞ்சாங்கம் மாதிரி ஒரு சாதனம் என்றே நினைத்திருந்தேன். கார் விற்கிறவனுக்கு அதுதான் கடைத்தெரு. அந்தத் தெருவில் யார் கடை முன்னால், யார் கடை சந்துக்குள் என்பதை ஒரே ஒரு கம்பெனி தீர்மானிக்கிறது. தெருவின் அமைப்பை அது அடிக்கடி மாற்றியும் விடுகிறது. ஊருக்குப் போன பிறகு இதைப் பற்றி எழுதவேண்டும் என்று அங்கேயே ஒரு நோட்டில் தேதிவாரியாகக் குறித்து வைத்தேன். கிளார்க் புத்தி!

முதல் குறிப்பு. ஊர்ப் பெயரோடு கடையைத் தேடினால், வரைபடத்தோடு ஒரு சிறு பட்டியல் வருமல்லவா? அதில் முன்பு ஏழு கடைகள் வரும். 2015 ஆகஸ்டில் அது மூன்றாகச் சுருங்கியது. நாலாவது முதல் ஏழாவது வரை இருந்த டீலர்கள் செய்த தவறு என்ன? ஒன்றும் இல்லை. கார் அதே, விலை அதே, வாடிக்கையாளர் சொல்லும் நல்ல வார்த்தையும் அதே. பலகைதான் சின்னதாகிவிட்டது.

இரண்டாவது. 2016 பிப்ரவரியில், கணினித் திரையின் வலது ஓரத்தில் இருந்த விளம்பரங்களை எடுத்துவிட்டார்கள். வியாபாரம் சம்பந்தமான தேடல்களுக்கு உச்சியிலேயே நான்கு விளம்பரம்வரை வரலாம் என்று ஆனது. காசு கொடுக்காமல் தகுதியால் முதலிடம் பெற்றவர், அந்த நான்குக்குக் கீழே. ஒரு காலத்தில் விளம்பரங்களுக்குப் பின்னால் வெளிர் நிறம் பூசியிருப்பார்கள், பார்த்தவுடன் தெரியும். 2013-க்குப் பிறகு அந்த நிறம் போய் ஒரு சின்னச் சொல் மட்டும் மிஞ்சியது. என் கண்ணாடிக்கு அது தெரிவதில்லை.

மூன்றாவது. பிரேக் எப்போது மாற்றலாம், எந்த வண்டிக்கு எந்த எண்ணெய் என்றெல்லாம் கட்டுரை எழுதிப் போடுங்கள், ஆட்கள் தேடி வருவார்கள் என்று டீலர்களுக்கு ஆலோசகர்கள் வருடக்கணக்கில் சொல்லி வந்தார்கள். அவர்களும் எழுதினார்கள். 2024 மே மாதம் முதல் அமெரிக்காவில் அப்படிப்பட்ட கேள்விக்கு செயற்கை நுண்ணறிவு தொகுத்த பதில் பல நேரம் தேடல் பக்கத்தின் உச்சியிலேயே வந்துவிடுகிறது. பதில் கிடைத்தவன் எதற்காகக் கீழே இறங்கி இவர்கள் கடைக்கு வருவான்?

நான்காவதுதான் என்னைக் கோபப்படுத்தியது. 2023 அக்டோபரில் கூகுள், அமெரிக்கக் கார் டீலர்களுக்கென்றே ஒரு வசதியை அறிவித்தது. ஒவ்வொரு காரின் பக்கத்திலும், வாசகன் கண்ணுக்குத் தெரியாத உள்பகுதியில், காரின் அடையாள எண், விலை, ஓடிய மைல் முதலிய விவரங்களைக் குறிப்பிட்ட ஒரு முறையில் எழுதி வைத்தால், அந்தக் கார் தேடலில் தனியாகத் தெரியும், காசு வேண்டாம் என்றார்கள். கார் வரும், போகும், விலை மாறும். எல்லாவற்றையும் அந்த உள்பகுதியிலும் மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். பெரிய வேலை. 2025 ஜூனில், நான் அங்கே இருந்தபோதே, தேடல் பக்கத்தை எளிமையாக்குகிறோம் என்று சொல்லி விலக்கிய அம்சங்களின் பட்டியலில் இதையும் சேர்த்துவிட்டார்கள். அதிகம் பயன்படவில்லையாம். இருபது மாத ஆயுள். இதனால் தேடலில் உங்கள் இடம் மாறாது என்றும் சொன்னார்கள், அதையும் எழுதிவிடுகிறேன். ஆனால் 2022-இல் அங்கே வந்த, டீலர் காசு கொடுத்துப் போடும் கார் விளம்பரம் மட்டும் நீடிக்கிறது. இலவசத்தில் பயனில்லாமல் போனது காசுக்கு மட்டும் எப்படிப் பயனாகிறது என்று எனக்குப் புரியவில்லை.

மாப்பிள்ளையின் நிலையத்துக்கு இணையதளம் பார்த்துக்கொள்ளும் கம்பெனி ஒன்று உண்டு, பெயர் வேண்டாம். அந்த உள்பகுதி வேலைக்கு ஒரு தடவை பில் போட்டது. பிறகு அதை நீக்கி ஒழுங்குபடுத்த இன்னொரு பில். மாப்பிள்ளை சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார். "என்ன மாமா பண்றது, மழை மாதிரி. குடை வச்சுக்கணும், அவ்ளோதான்" என்றார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. மழையை யாரும் ஒரு அறையில் உட்கார்ந்து முடிவு செய்வதில்லை. இதைச் செய்கிறார்கள்.

இதற்குப் பதில் வாதங்கள் உண்டு. "இலவசமாகக் காட்டுகிறார்கள், உங்களுக்கு என்ன உரிமை?" என்று மாப்பிள்ளையின் நண்பர் ஒருவர் கேட்டார். ஊரில் பத்துத் தெரு இருந்தால் இந்தக் கேள்வி சரி. 2024 ஆகஸ்ட் 5-ஆம் தேதி வாஷிங்டனில் நீதிபதி அமித் மேத்தா, கூகுள் தன் தேடல் ஏகபோகத்தைச் சட்டவிரோதமாகக் காப்பாற்றிக்கொண்டது என்று தீர்ப்பளித்தார். போட்டியைப் பற்றிய பயமில்லாமல் விளம்பர விலையை ஏற்ற அதனால் முடிந்தது என்றும் சொன்னார். இருப்பது ஒரே தெரு என்றால், அதன் சொந்தக்காரர் இலவசம் என்று சொல்லித் தப்பிக்க முடியாது.

இரண்டாவது வாதம் கொஞ்சம் கனமானது. முறையை வெளியே சொன்னால் திருடர்கள் பயன்படுத்திக்கொள்வார்கள் என்பது. உண்மைதான். நாற்பது ஊர்ப் பெயரை மாற்றி மாற்றிப் போட்டு ஒரே பக்கத்தை நாற்பது பக்கமாக்கிய டீலர்கள் உண்டு. பொய்யாகப் பாராட்டு எழுதவைத்தவர்களும் உண்டு. அவர்களைத் தள்ளி வைத்தது நியாயம். ஆனால் விதி வேறு, சோதனை வேறு. வரித் துறை எந்தக் கோப்பை எடுத்துச் சோதிக்கும் என்று யாருக்கும் சொல்லாது. வரி எத்தனை சதவீதம் என்பதை ரகசியமாக வைக்குமா? பட்டியலில் ஏழா மூன்றா, விளம்பரம் எங்கே, எந்த வசதி எத்தனை காலம் என்பதையெல்லாம் முன்கூட்டிச் சொன்னால் எந்தத் திருடனுக்கு என்ன லாபம்?

முன்கூட்டிச் சொல்ல அவர்களுக்குத் தெரியாமலும் இல்லை. கைபேசியில் சரியாகத் தெரியாத இணையதளங்களைக் கைபேசித் தேடலில் பின்தள்ளப் போகிறோம் என்று 2015 பிப்ரவரி 26-இல் அறிவித்து, ஏப்ரல் 21-இல் நடைமுறைப்படுத்தினார்கள். ஏறக்குறைய இரண்டு மாத அவகாசம். அந்த மாற்றம் நல்லது, போனில் பார்க்கிறவனுக்கு உபகாரம். வானம் இடிந்து விழவில்லை. ஆக, மனம் இருந்தால் மார்க்கம் உண்டு.

அமெரிக்கக் கார் டீலர்களுக்கு இது புதிய சண்டையும் இல்லை. ஒரு காலத்தில் கார் தயாரிக்கும் கம்பெனிகள், விற்காத வண்டிகளை டீலர் தலையில் கட்டும். மறுத்தால் உரிமத்தைப் பறித்துவிடும். டீலர்கள் கூடிப் போராடினார்கள். 1956-இல் அமெரிக்க நாடாளுமன்றம் ஒரு சட்டம் செய்தது. கம்பெனி நல்லெண்ணத்தோடு நடக்கவில்லை என்றால் உரிமம் பெற்ற டீலர் மத்திய நீதிமன்றத்தில் வழக்குப் போடலாம். மாநிலங்களும் தங்கள் பங்குக்குச் சட்டம் போட்டன. காரைச் செய்கிற எஜமானனைக் கட்டிப்போட்டார்கள். இப்போது வாடிக்கையாளர் வரும் வழிக்கு வேறொரு எஜமானன் வந்திருக்கிறான். அவனை நிறுத்திக் கேட்க அப்படியொரு சட்டம் இல்லை.

ஐரோப்பாவில் முயன்றிருக்கிறார்கள். 2019/1150 என்ற எண்ணுள்ள ஒழுங்குவிதியைப் பிரெஞ்சில் படித்துப் பார்த்தேன். பள்ளிக்கூடம் கொடுத்த மொழி இந்த வயதிலும் சோறு போடுகிறது. 2020 ஜூலை 12 முதல் நடைமுறையில் இருக்கிறது. வியாபாரிகள் கடை போடும் இணையச் சந்தைகள் தங்கள் நிபந்தனைகளை மாற்றினால், குறைந்தது 15 நாள் முன்னறிவிப்புத் தர வேண்டும். தேடுபொறிகளுக்கு அந்தக் கட்டாயம் இல்லை! முடிவுகளை வரிசைப்படுத்தும் முக்கியக் காரணிகளை விவரித்து வெளியிட்டால் போதும். பாதி வாசல்தான் திறந்திருக்கிறார்கள்.

நம் நாடும் சும்மா இருக்கவில்லை. தேடல் முடிவுகளில் பாரபட்சம் என்று 2018 பிப்ரவரியில் இந்தியப் போட்டி ஆணையம் கூகுளுக்கு 135.86 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. புகார் கொடுத்தவர்களில் ஒருவர், சென்னையிலிருந்து வரன் பார்த்துக் கொடுக்கும் பாரத் மேட்ரிமோனிக்காரர்கள். அபராதம் எல்லாம் நடந்து முடிந்ததற்கு. நான் கேட்பது நடக்கப் போவதற்கு.

ஓய்வு பெற்ற கிளார்க்கின் வரைவு இதோ. ஒன்று, வியாபாரிகளைப் பாதிக்கும் தேடல் மாற்றத்துக்கு முப்பது நாள் முன்னறிவிப்பு, காரணத்தோடு. இரண்டு, வியாபாரிகளை வேலை செய்யச் சொல்லி ஒரு வசதி கொடுத்தால், அதற்குக் குறைந்தபட்ச ஆயுள் முதலிலேயே சொல்லப்பட வேண்டும். மூன்று, விளம்பரத்துக்குப் பழையபடி நிறம் பூச வேண்டும். நான்கு, பட்டியலிலிருந்து விலக்கப்பட்டவன் முறையிட ஒரு மனிதர் இருக்க வேண்டும், பெயரோடும் பதவியோடும்.

டீலர்களுக்கும் ஒரு வார்த்தை. புதுச்சேரியில் எனக்குத் தெரிந்த பழைய ஸ்கூட்டர் டீலர் ஒருவர், தன்னிடம் வண்டி வாங்கிய ஒவ்வொருவரையும் ஒரு நீளப் பேரேட்டில் எழுதி வைத்திருந்தார். பொங்கலுக்கு வாழ்த்து அட்டை போகும், சர்வீஸ் தேதிக்குப் பத்து நாள் முன்னால் ஆள் வரும். அந்தப் பேரேடு அவருடையது, யாரும் ஒரு ராத்திரியில் மாற்ற முடியாது. மாப்பிள்ளையிடம் சொன்னேன். "நல்ல ஐடியாதான் மாமா" என்றவர், அடுத்த வாரமே பழைய வாடிக்கையாளர் பெயர்களைத் திரட்ட ஆரம்பித்துவிட்டார். பேரேடு வீட்டைக் காப்பாற்றும். தெருவைச் சரிசெய்ய சட்டம்தான் வேண்டும்.

என் மேசைக்கு முன்னால் நின்று திட்டிய அந்த டீலர்களை இப்போது நினைத்துக்கொள்கிறேன். அன்று அவர்களுக்குத் திட்டுவதற்கு ஒரு மேசை இருந்தது, அதன் பின்னால் ஒரு ஆள் இருந்தான், அவன் காட்டுவதற்கு ஒரு தாள் இருந்தது. மாப்பிள்ளை யாரிடம் போய்த் திட்டுவார்?