ஏமாந்தவரா குற்றவாளி?

கைப்பேசி வழியே பணத்தைப் பறிகொடுத்தவரைப் பற்றிக் கேள்வியுற்றதும் நம் வாயில் முதலில் வரும் சொல் 'பேராசை' என்பதே. அடுத்து, 'படித்தவர்தானே, இதுகூடவா தெரியாது?' என்கிறோம். இவ்விரண்டும் கள்வனுக்கு நாம் செய்யும் கூலியில்லாத் தொண்டு என்று அழுத்தமாகக் கூற விரும்புகிறோம்.

அரியானாவின் அம்பாலாவில் 2025-இல் முதிய தம்பதியர் ஒரு கோடி ரூபாய்க்கு மேல் இழந்தனர். அவர்கள் எந்த இலாபத்திற்கும் ஆசைப்படவில்லை. உச்ச நீதிமன்றத்தின் பெயரிலேயே போலி ஆணைகளைக் காட்டி, 'டிஜிட்டல் கைது' என்று மிரட்டினர் கயவர். அப்படியொரு கைது நம் நாட்டுச் சட்டத்தில் எங்குமே இல்லை. சட்டத்திற்கு அஞ்சி வாழும் நல்லியல்பே அங்குத் தூண்டில் இரையாயிற்று. அவ்வாண்டு அக்டோபரில் உச்ச நீதிமன்றம் தானே முன்வந்து வழக்கை எடுத்து, டிசம்பரில் இத்தகைய மோசடிகளின் விசாரணையை மத்தியப் புலனாய்வுத் துறையிடம் ஒப்படைத்தது.

ஆசை காட்டி ஏமாற்றுவதும் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் ஆசைப்பட்டவன் பொருளைத் திருடலாம் என்று எந்தக் கட்டளையும் சொல்லவில்லை.

பணம் பறிபோனதும் 1930 என்ற எண்ணில் முறையிட வேண்டும். அது பல கணக்குகளுக்குச் சிதறுமுன் முடக்கினாலன்றி மீட்பது அரிது. ஊர் ஏசுமே, பிள்ளைகள் திட்டுவார்களே என்று வாய்மூடியிருக்கும் ஒவ்வொரு மணி நேரமும் கள்வனுக்கே ஆதாயம். எரிகோ வழியில் அடிபட்டுக் கிடந்தவரிடம், 'இவ்வழியே தனியாக ஏன் வந்தீர்?' என்று சமாரியர் கேட்கவில்லை, காயத்தைக் கட்டினார்.

நாம் கடிந்துகொள்ள வேண்டியவர்கள் வேறு சிலர். சிறு கமிஷனுக்காகத் தம் வங்கிக் கணக்கையும் ஏ.டி.எம். அட்டையையும் முன்பின் அறியாதவனிடம் கொடுப்பவர்கள் அவர்கள். 'நான் யாரையும் ஏமாற்றவில்லையே' என்பர். இத்தகைய கணக்குகள் இல்லையேல், எங்கோ அமர்ந்திருக்கும் கள்வனின் கைக்குக் காசு எளிதில் சேராது. கூடலூர்த் திராட்சைத் தோட்டத்திலும், குமுளி மலையேறி ஏலத்தோட்டத்திலும் கூலிக்கு உழைத்த தாயின் சேமிப்பும் அக்கணக்கின் வழியே போகலாம். திருடுபவனுக்குச் சாக்குப் பிடிப்பவனும் திருடனே.

ஏமாந்தவர் தலைகுனிய, கணக்கை வாடகைக்கு விட்டவர் தலைநிமிர்ந்து நடக்கும் ஊரில் நீதி இல்லை. நம் அன்பியக் கூட்டங்களில் இதை வெளிப்படையாகப் பேசுவோம். பணம் இழந்தவர் கூச்சமின்றி வந்து சொல்லும் முதல் வீடு நம்முடையதாகட்டும்.