சர்வீஸ் சார்ஜ் என்னும் கட்டாய இனாம்

குர்காவில் முன்பதிவு இல்லாமல் உள்ளேயே விடாத ஒரு உணவகம். தனியறை, குடும்பத்தோடு ஐந்து பேர். சாப்பாடு நல்லாத்தான் இருந்தது. பில்தான் வயிற்றைக் கலக்கியது! சாப்பாடு 12,000. சர்வீஸ் சார்ஜ் 10 சதவீதம், 1,200. இரண்டையும் கூட்டி அதன்மேல் 5 சதவீத ஜிஎஸ்டி, 660. இனாமுக்கும் நாம வரி கட்டணுமாம்!

கேட்டால், "தனியறைக்குக் கட்டாயம் சார், புக்கிங்லயே போட்டிருக்கோம்" என்கிறார் மேனேஜர். எங்கே போட்டிருந்தால் என்னங்க? பில்லில் தானாகச் சேர்க்கக் கூடாது, வேறு பெயரிலும் வாங்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையிலேயே சொல்லிவிட்டது. 2025 மார்ச்சில் தில்லி உயர்நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. இதைச் சொன்னதும் பில் மாறி வந்தது. அப்புறம்தான் கார்டை நீட்டினேன்.

"ஊழியர்களுக்குத்தானே போகுது" என்று உருகும் நண்பர்களே, போகிறது என்பதற்குக் கணக்கு காட்டினார்களா? பரிமாறிய தம்பிக்கு நான் கையிலேயே கொடுத்தேன். சம்பளம் கொடுப்பது முதலாளியின் வேலை.

இவர்களுடைய உண்மையான மூலதனம் நம்ம கூச்சம்தான். பிள்ளைகள், மாமனார் முன்னால் பில்லுக்குச் சண்டையா, அதுவும் அரைகுறை இந்தியிலா என்று 1,260 ரூபாயை விட்டுவிடுகிறோம். விடாதீங்க. மறுத்தால் 1915-க்குப் போன் போடுங்க. அங்கே தமிழிலும் பேசலாம்.