வீட்டுக் கணனி: இடம் போதவில்லையா?



அலுவலகங்கள் கழித்துவிடும் சின்னக் கணனியொன்றை வாங்கி, வீட்டில் எல்லோருக்கும் பொதுவான சேர்வராக வைப்பது பற்றிச் சென்ற இதழில் எழுதியிருந்தேன். அதைச் செய்து பார்த்த சிலர் என்னிடம் கேட்டது ஒரே கேள்விதான். "தம்பி, உள்ளே இருக்கிற 256 கிகாபைற்றும் நிரம்பிவிட்டது. மலிவாக இடம் கூட்ட என்ன வழி?"

முதலில் கணக்குப் பார்ப்போம். போனில் எடுக்கும் படமொன்று 4 மெகாபைற் என்று வைத்தால் 10,000 படங்களுக்கு 40 கிகாபைற் போதும். மூன்று மணிநேர வீடியோ கசற் ஒன்றை டி.வி.டி. தரத்தில் ஏற்றினால் ஏறக்குறைய 7 கிகாபைற் பிடிக்கும். கலியாணம், சாமத்தியவீடு, பிறந்தநாள் என்று 50 கசற் இருந்தாலும் 350 தான். ஆகவே பெரும்பாலான குடும்பங்களுக்கு 1 ரெராபைற் தாராளம். போனில் 4கே வீடியோ நிறைய எடுப்பவர்கள் 2 ரெராபைற் வாங்கலாம். 1 ரெராபைற் என்று பெட்டியில் போட்டிருக்கும், விண்டோஸ் கணனியோ 931 கிகாபைற் என்று காட்டும். கடைக்காரர் ஏமாற்றவில்லை. உற்பத்தியாளர் ஆயிரத்தால் பெருக்குகிறார், கணனி 1024 ஆல் வகுக்கிறது. அவ்வளவுதான்.

அடுத்தது, எந்த டிஸ்க்? வேகமான எஸ்.எஸ்.டி. நல்லதுதான், ஆனால் அதே இடத்துக்கு விலை கூட. படமும் வீடியோவும் சேர்த்து வைக்கச் சுழலும் பழைய வகை ஹார்ட் டிஸ்க்கே போதும். சாதாரண வீட்டு வலைப்பின்னல் வழியாக செக்கனுக்கு 110 மெகாபைற் அளவுதான் போகும். அந்த வேகத்துக்கு அது ஏறக்குறைய ஈடுகொடுக்கும். பழுதான மடிக்கணனி ஒன்று அலுமாரியில் கிடந்தால், அதன் டிஸ்க்கைக் கழற்றி ஒரு யு.எஸ்.பி. வயரோடு பூட்டலாம். சட்டைப்பையில் கொண்டு திரியும் யு.எஸ்.பி. குச்சியை மட்டும் இதற்குப் பாவிக்க வேண்டாம். இரவு பகலாக எழுதி அழிக்கும் வேலைக்கு அது செய்யப்பட்டதல்ல.

மின்சாரத்தைக் கவனியுங்கள். இரண்டரை அங்குல டிஸ்க் யு.எஸ்.பி. வழியாகவே மின்சாரம் எடுக்கும். மூன்றரை அங்குல டிஸ்க்குக்குத் தனியாக 12 வோல்ற் அடப்ரர் வேண்டும். றாஸ்பெரி பை 4 வைத்திருப்பவர்களுக்கு இது முக்கியம். அதன் நான்கு யு.எஸ்.பி. துவாரங்களும் சேர்ந்து தருவது 1.2 அம்பியர் மாத்திரமே. இரண்டு டிஸ்க்கைக் கொழுவினால் அது போதாமல், ரிக் ரிக் என்று சத்தம் போட்டு டிஸ்க் காணாமல் போகும். தனி மின்சாரமுள்ள யு.எஸ்.பி. ஹப் ஒன்று வாங்கினால் பிரச்சினை தீரும்.

பாவித்த டிஸ்க் வாங்குகிறீர்களா? கிறிஸ்டல் டிஸ்க் இன்போ என்ற இலவச மென்பொருளில் போட்டுப் பாருங்கள். பழுதாகி மாற்றப்பட்ட பகுதிகள், மாற்றக் காத்திருக்கும் பகுதிகள் என்ற இரண்டு எண்ணிக்கையும் பூச்சியமாக இருக்க வேண்டும். இல்லையென்றால் சும்மா தந்தாலும் வேண்டாம்.

இனி இந்தக் கட்டுரையின் முக்கிய விசயம். பெரிய டிஸ்க் ஒன்றுக்குப் போடும் காசில் சிறிய டிஸ்க் இரண்டு வாங்குங்கள். ஒன்று சேர்வரில் இருக்கட்டும். மற்றதில் கிழமைக்கு ஒருமுறை பிரதி எடுத்து, கழற்றி, வேறு வீட்டில் இருக்கும் அண்ணரிடமோ மச்சானிடமோ கொடுத்து வையுங்கள். இரண்டையும் கண்ணாடிபோல ஒரே நேரத்தில் எழுத வைக்கும் முறையும் உண்டு. ஆனால் அங்கே பிள்ளை ஒரு படத்தை அழித்தால் இரண்டிலும் அழியும். வீட்டில் தண்ணீர் புகுந்தால் இரண்டும் போகும்.

நான் வேலை செய்யும் தொழிற்சாலையில், முக்கியமான மெசினுக்கு உதிரிப் பெல்ற் ஒன்று எப்போதும் அலுமாரியில் இருக்கும். பெல்ற்றையாவது அடுத்த நாள் வாங்கலாம். ஊரில் எடுத்த அம்மம்மாவின் படத்தை எந்தக் கடையில் வாங்குவது? இடம்பெயரும்போது அல்பத்தைத் தூக்கி வரமுடியாமல் போன குடும்பங்கள் எம்மிடையே எத்தனை! 1981 இல் யாழ்ப்பாண நூலகத்தை எரித்தபோது, வேறெங்கும் பிரதியில்லாத சுவடிகளும் சாம்பலாயின. எஞ்சியிருப்பதை ஒரே இடத்தில் வைப்பது புத்தியல்ல.

செய்யும் முறை சுருக்கமாக: புது டிஸ்க்கை போர்மற் பண்ண முன்னர் அதில் ஏதும் இருக்கிறதா என்று பாருங்கள், எல்லாம் அழிந்துவிடும். லினக்ஸ் சேர்வர் என்றால் இ.எக்ஸ்.ரி.4 முறையில் போர்மற் பண்ணுங்கள். கணனி தொடங்கும்போது தானாக இணைய எழுதும் வரியில் 'நோபெயில்' என்ற சொல்லையும் சேருங்கள். அது இல்லாவிட்டால், டிஸ்க் கழன்றிருக்கும் நாளில் சேர்வரே எழும்பாமல் நிற்கக்கூடும். பிரதி எடுத்த திகதியை டிஸ்க்கின்மேல் ஒட்டிவிடுங்கள். மாதம் ஒருமுறை அதிலிருந்து நாலைந்து படங்களைத் திறந்து பாருங்கள். திறபட்டால்தான் பிரதி இருக்கிறது என்று நம்பலாம்.

கசற்றில் இருப்பதைக் கணனிக்குள் ஏற்றுவது எப்படி என்று பலர் கேட்கிறார்கள். அதை அடுத்த இதழில் பார்ப்போம். அதுவரை கசற்றுகளை ஈரமில்லாத இடத்தில் நிமிர்த்தி வையுங்கள்.