பள்ளிபாளையம் டோஃபு

டோஃபு என்றாலே டயட் சாப்பாடு என்று நம் ஊரில் யாரோ கிளப்பிவிட்டார்கள். ஜிம்முக்குப் போகிற பையனுக்கு உப்பும் மிளகுத்தூளும் தூவி டப்பாவில் அடைத்துக் கொடுப்பதோடு சரி. அப்படித் தின்றால் யாருக்குத்தான் பிடிக்கும்? சீனாவின் செங்டு நகரத்தில் போய்ச் சொன்னால் சிரிப்பார்கள். அவர்கள் ஊர் 'மாப்போ டோஃபு' கொத்துக்கறியும் மிளகாய் விழுதும் சேர்ந்து, மேலே சிவப்பாக எண்ணெய் மிதக்கத்தான் மேசைக்கு வரும். பத்தொன்பதாம் நூற்றாண்டிலிருந்தே அதற்குக் காரத்தால்தான் புகழ்.

நமக்கு அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. ஈரோட்டில் காவிரிப் பாலத்தைத் தாண்டினால் பள்ளிபாளையம். அந்த ஊர்ப் பேரில் உள்ள கோழி வறுவலுக்குத் தக்காளி வேண்டாம், மல்லித்தூள் வேண்டாம். வரமிளகாய், சின்ன வெங்காயம், தேங்காய்ப் பல், கறிவேப்பிலை, மஞ்சள், தாராளமாக எண்ணெய். டோஃபுவுக்கு இதைவிடப் பொருத்தமான பக்குவம் இல்லை என்பேன். பன்னீரில் பால் கொழுப்பு இருக்கிறது. எந்தக் குழம்பில் போட்டாலும் அதுவே ருசி கொடுக்கும். டோஃபுவில் கொழுப்பு குறைவு. பட்டர் மசாலாவில் போட்டால் குழம்பு ஒரு பக்கம், அது ஒரு பக்கம் என்று கிடக்கும். தேங்காயும் கடலெண்ணெயும்தான் அதற்குக் கைகொடுக்கும்.

கடையில் 'சோயா பன்னீர்' என்று 200 கிராம் பாக்கெட்டாகக் கிடைக்கும். கெட்டியானதாகப் பார்த்து வாங்கி, கொதிக்கும் உப்புத் தண்ணீரில் கால் மணி நேரம் போட்டு வையுங்கள். பிறகு துண்டில் சுற்றி மேலே ஒரு கனமான பாத்திரத்தை ஏற்றிவிட்டு வேறு வேலை பார்க்கலாம். தண்ணீர் வடிந்ததும் கத்தி வேண்டாம், கையால் பிய்த்துப் போடுங்கள். சொரசொரப்பான ஓரங்களில்தான் எண்ணெயும் மிளகாயும் பிடிக்கும். இரும்பு வடைச்சட்டியில் போட்டவுடன் கரண்டியால் நோண்டக் கூடாது. அடி சிவந்தால் தானே விட்டுக்கொண்டு வரும். அதுவரை ஒட்டிக்கொண்டுதான் இருக்கும்.

அதை எடுத்து வைத்துவிட்டு, மிச்ச எண்ணெயில் மிளகாய். பத்துப் பன்னிரண்டு என்றதும் பயப்பட வேண்டாம். கிள்ளி, விதையை உதறிவிட்டுத்தான் போடுகிறோம். தோல் உப்பி, நிறம் அடர்ந்து, கறுப்பதற்குள் சின்ன வெங்காயம் விழ வேண்டும். அது கண்ணாடியாக வதங்கியதும் தேங்காய்ப் பல், கறிவேப்பிலை, மஞ்சள், உப்பு. ஒரு கை தண்ணீர் தெளித்து, டோஃபுவைச் சேர்த்து, மூடாமல் சுண்டவிட்டால் எண்ணெய் பிரிந்து ஓரத்தில் நிற்கும்.

பொங்கலூர்ப் பக்கம் பிராய்லர் செட் போட்டிருக்கிற பெரியப்பா வந்திருந்தபோது இதைத்தான் வைத்தேன். எதில் செய்தது என்று கேட்டார்.

"சோயாங்க பெரியப்பா."

"அது நம்ம கோழித் தீவனமாச்சே அம்மிணி!"

அவர் சொன்னதும் சரிதான். மத்தியப் பிரதேசத்திலும் மகாராஷ்டிரத்திலும் விளைகிற சோயாவில் எண்ணெயை எடுத்துவிட்டு, புண்ணாக்கைக் கோழித் தீவனத்துக்கு அனுப்புகிறார்கள். பல்லடத்துக் கறிக்கோழியும் நாமக்கல் முட்டைக்கோழியும் மக்காச்சோளத்துக்கு அடுத்தபடி தின்று வளர்வது அதைத்தான். நம் வீடுகளில் பிரியாணிக்குப் போடும் மீல் மேக்கரும் எண்ணெய் எடுத்த சோயா மாவுதான். இரண்டு கிலோ கறிக்கோழி தேற மூன்று கிலோவுக்கு மேல் தீவனம் செலவாகும். அந்தக் கணக்கு பெரியப்பாவுக்கு அத்துப்படி. "அப்ப கோழிய நடுவுல இருந்து எடுத்துப்போட்டியாக்கும்" என்றவர், இன்னொரு கரண்டி வைக்கச் சொன்னார். கடித்து இழுக்க எலும்பு இல்லாததுதான் குறையாம். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

போலிக் கறி என்று முகம் சுளிக்கிறவர்களைத்தான் எனக்குப் புரிவதில்லை. ரோட்டோரத் தள்ளுவண்டியில் காளான் என்ற பேரில் முட்டைக்கோஸை அள்ளித் தின்கிற ஊர் கோயமுத்தூர். அங்கே கேட்காத கேள்வியை டோஃபுவிடம் மட்டும் ஏன் கேட்க வேண்டும்?

சுடுசோறும் பச்சைப்புளி ரசமும் இதற்குத் தோது. இரவே தீர்ந்துவிடாமல் ஒரு கை எடுத்து வைத்தால், காலையில் சந்தகையில் போட்டுப் புரட்டலாம். தாளிப்பே தேவைப்படாது.